கரையோரக் கல்லறைகள் – 7: வருடம், மாதம், நாள்

சென்ற இதழில் உங்களைப் பழவேற்காட்டில், மகிமை மாதா கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். 1515இல் போர்த்துகீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயில். அங்கிருந்து ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே வந்துவிடலாம். பழவேற்காட்டில் எதுவுமே தூரமில்லை. ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் மீனும் இறாலும் நண்டுமாக ஒரு கடைத்தெரு. இவ்வளவுதான் ஊர். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக வந்தால் 60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் பயணம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பெரும்பாலும் படகுக்காகவும் பூநாரைக்காகவும் வருகிறார்கள். கல்லறைக்கு வருகிறவர்கள் குறைவு.

'ஒல்லாந்தர்' என்பது நம் பழைய தமிழ்ச் சொல். ஊருக்குள் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. 'டச்சுக் கல்லறை எங்கே?' என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள்.

வாசலிலேயே நின்றுவிட வேண்டியிருக்கிறது. நுழைவளைவின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பார்களே, அந்த இடத்தில். ஒன்றோடு மணற்கடிகாரம், மற்றொன்றோடு மண்டையோடு. முதல் தடவை பார்க்கும் தமிழனுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றும். நாம் மயானத்தை ஊருக்கு வெளியே வைத்துவிட்டு, அரிச்சந்திரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போகிறவர்கள். செத்தவனின் எலும்பையே வாசலில் காவலுக்கு நிறுத்தும் பழக்கம் நமக்கில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தில் இது சர்வசாதாரணம். பணக்கார வீட்டுக் கூடத்தில் மாட்டும் ஓவியத்திலேயே மண்டையோடு, கரைந்துகொண்டிருக்கும் மெழுகுவத்தி, மணற்கடிகாரம் எல்லாம் இருக்கும். எண்ணி எண்ணிக் காசு சேர்த்த ஒரு சமூகம், நேரம் தீர்ந்துகொண்டிருப்பதையும் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

வாசலின் ஆண்டு 1656. அதற்கு முன்பே ஊரில் ஒல்லாந்தர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1631 முதல் 1655 வரையிலான 22 கல்லறைகள் கொண்ட பழைய இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டு கணக்கையும் பொருத்திப் பார்த்தால் விஷயம் எளிது. பழைய இடம் போதவில்லை, புதிதாக ஒன்று எடுத்தார்கள், ஒழுங்காக மதில் எழுப்பி வாசல் வைத்தார்கள். புதிய இடத்தில் 76 கல்லறைகள் இருக்கின்றன. இரண்டும் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்.

ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஒரு வணிகக் கம்பெனிக்கு இத்தனை கல்லறைகள் எதற்கு? அதற்கு அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

ஒல்லாந்தருக்கு வேண்டியிருந்தது ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்களிடம் ஐரோப்பியக் கம்பளியை நீட்டினால் யார் வாங்குவார்கள்? அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. சாயத்தில் தோய்த்து, மெழுகிட்டு, தூரிகையால் எழுதிய சீட்டித் துணி. ஆக, மசாலா வேண்டுமென்றால் முதலில் தமிழ், தெலுங்குக் கரையில் துணி வாங்கியாக வேண்டும். 1610இல் விஜயநகர அரசரான வேங்கடபதி தேவராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் கிடங்கு போட்டார்கள். சாந்தோமிலிருந்த போர்த்துகீசியருக்கு இது பொறுக்கவில்லை. 1612இல் வந்து கிடங்கை அழித்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. கட்டிய தலைவர் வெம்மர் ஃபான் பெர்க்கெம். அவருடைய சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கோட்டைக்கு 'கெல்ட்ரியா' என்று பெயர். இந்தியக் கரையில் ஒல்லாந்தரின் முதல் கோட்டை இதுதான். 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் தலைமையிடமும் இதுதான்.

இடையில் ஒரு வேடிக்கை. 1611இல் 'குளோப்' என்ற ஆங்கிலக் கப்பல் இங்கே வந்து வியாபாரத்துக்கு இடம் கேட்டது. இடமில்லை என்று ஒல்லாந்தர் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஆங்கிலக் கப்பலின் வணிகப் பொறுப்பில் வந்தவர்கள் பீட்டர் ஃபுளோரிஸ், லூகாஸ் ஆந்தியூனிஸ் ஆகிய இருவர், இருவருமே ஒல்லாந்துக்காரர்கள்! சொந்த நாட்டானையே வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இடம் தேடி அலைந்த ஆங்கிலேயர் 1639இல் தெற்கே ஒரு மணல்மேட்டைப் பிடித்தார்கள். அந்த மணல்மேடு இன்றைக்கு எப்படி இருக்கிறது, பழவேற்காடு எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டை இருந்த காலத்தில் ஊர் சிறியதல்ல. நாணயச் சாலை இருந்தது. வெடிமருந்து ஆலை இருந்தது. இங்கே அரைத்த மருந்துதான் ஆசியாவில் கம்பெனியின் பல கோட்டைகளுக்குப் போனது. துணிக்காக உள்நாட்டு நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தார்கள். முன்பணத்தைக் கொண்டு சேர்க்கவும், துணியைத் தரம் பார்த்து வாங்கவும், அரண்மனைகளோடு பேசி முடிக்கவும் உள்ளூர் வணிகர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் அச்சுதப்பச் செட்டி. ஒல்லாந்தர் ஆவணங்களில் இவர் 'மலையா'. கப்பல் வைத்திருந்தார், குத்தகை எடுத்தார், படை வைத்து அரசியலும் செய்தார். கம்பெனித் தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மலையா மாறவில்லை. 1634இல் அவர் இறந்தபோது தம்பி சின்னண்ணா அந்த இடத்துக்கு வந்தார். கம்பெனியின் பாதி வியாபாரத்தைத் தோளில் தாங்கிய அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் இந்தத் தோட்டத்தில் கல் இல்லை. அவர்கள் எரிக்கிறவர்கள், புதைக்கிறவர்கள் அல்ல என்று சொல்லிவிடலாம். அது சரியான பதில்தான். ஆனாலும், ஒரு ஊரின் வரலாற்றைக் கல்லறையை வைத்து எழுதினால் யாரெல்லாம் விட்டுப்போவார்கள் என்பதற்கு மலையா முதல் உதாரணம்.

சரி, உள்ளே வருவோம். கல்லறைகள் ஒரே மாதிரி இல்லை. சில, தரையோடு தரையாகக் கிடக்கும் பெரிய கற்பலகைகள். சில, செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சிறு மண்டபங்கள். மேலே கவிகை மாடம். ஊசிக்கோபுரம் போல ஒடுங்கி உயர்ந்தவையும் உண்டு. மண்டபங்களின் சாந்து உதிர்ந்து செங்கல் பல்லிளிக்கிறது. பலகைகளோ அப்படியே இருக்கின்றன.

அந்தப் பலகை ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். நம் கோயில் கல்வெட்டில் எழுத்தை உளியால் உள்ளே வெட்டுவார்கள். விரலை வைத்தால் பள்ளம் தட்டுப்படும். இங்கே நேர்மாறு. எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கல்லையெல்லாம் கொத்தி எடுத்திருக்கிறார்கள். எழுத்து மேடாக எழும்பி நிற்கிறது. ஒரு எழுத்து வெட்ட ஆகும் வேலையைப் போலப் பத்து மடங்கு வேலை. ஓரமெல்லாம் கொடியும் பூவும். தலைமாட்டில் குடும்பச் சின்னம், தலைக்கவசம், இறகு. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்துகளின் நிழல் விழுந்து படிக்கச் சுலபமாக இருக்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சு. 'ஹீர் ருஸ்ட்', அதாவது இங்கே துயில்கிறார். பிறகு பெயர். பிறகு பதவி. கம்பெனியின் பதவிப் படிகள் எல்லாமே வணிகத்தின் படிகள்: உதவியாளர், இளநிலை வணிகர், வணிகர், முதுநிலை வணிகர். கோட்டையும் பீரங்கியும் வைத்துக்கொண்டு ஒரு கரையையே ஆண்டவர்கள், கல்லறையில் 'வணிகர்' என்றே வெட்டிக்கொண்டார்கள். நம்மூரில் நாலு காசு சேர்ந்ததும் பரம்பரைக்கு ஒரு ராஜ வம்சத்தைத் தேடுவோம். இவர்கள் செத்த பிறகும் செட்டியாராகவே இருந்தார்கள். அந்த நேர்மையை நான் ரசிக்கிறேன்.

பதவிக்குப் பிறகு இறந்த தேதி. அதற்கும் கீழே வயது. அந்த வயதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இத்தனை வயதில் இறந்தார் என்று சும்மா சொல்லிவிட மாட்டார்கள். இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள். நம் ஜாதகத்தில் கர்ப்பச் செல் போகத் தசை இருப்பு என்று எழுதுவார்களே, அச்சாக அதே பாணி. ஜாதகம் மீதி இருப்பதைச் சொல்கிறது. இந்தக் கல் தீர்ந்துபோனதைச் சொல்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊரைவிட்டு ஆறு, ஏழு மாதம் கப்பலில் வந்து, கரையில் காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் தப்பிப் பிழைத்தவர்கள், ஒவ்வொரு நாளையும் எண்ணியதில் அர்த்தம் இருக்கிறது. கம்பெனிக்காரன் எதையும் எண்ணாமல் விட்டதில்லை. பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் போன கடிதங்கள், கணக்குகள், சரக்குப் பட்டியல்கள் எல்லாம் இன்றும் ஹேகிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் பஞ்சம், படையெடுப்பு, நெல் விலை என எதைப் பற்றி எழுதினாலும் ஆய்வாளர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு பத்தி மனிதர்களுக்கானது.

1621இல் கம்பெனி பண்டா தீவுகளைப் பிடித்தது. ஜாதிக்காய் விளைந்த தீவுகள் அவை. எதிர்த்த தீவுவாசிகளைக் கொன்றும் விரட்டியும் நாடு கடத்தியும் முடித்த பிறகு, தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை. புதிதாகப் பிடித்த பத்தாவியா நகரத்தைக் கட்டவும் ஆள் வேண்டும். ஆள் எங்கே மலிவு? எங்கே பஞ்சமோ அங்கே. எங்கே போரோ அங்கே. அன்றைய சோழமண்டலக் கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. விஜயநகரம் சரிந்துகொண்டிருந்தது, நாயக்கர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள், வடக்கிலிருந்து பீஜப்பூரும் கோல்கொண்டாவும் இறங்கின. நெல் விலை ஏறியபோது மனித விலை இறங்கியது. பெற்றவர்களே பிள்ளைகளை விற்றார்கள். சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1622, 1623 ஆண்டுகளிலேயே பழவேற்காடும் தேவனாம்பட்டினமும் அடிமைகளை ஏற்றும் துறைமுகங்களாகிவிட்டன. நாயக்கர்கள் விஜயநகரத்துக்கு எதிராக எழுந்ததை அடுத்து, 1646இல் மட்டும் கரையிலிருந்து பத்தாவியாவுக்குப் போனவர்கள் 2,118 பேர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை பாழானபோது நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கியது 8,000 முதல் 10,000 பேர் வரை. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள், மீதிப் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

வாசலில் எலும்புக்கூடுகள் நின்ற ஆண்டு 1656 என்று சொன்னேன் அல்லவா? அந்த வாசலுக்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் இந்தக் கடைசிக் கணக்கு தொடங்குகிறது.

2,118. பத்துகளில் முழுமையாக்காத, கடைசி எட்டு வரைக்கும் சரியான எண். எண்ணியவன் கவனமாகத்தான் எண்ணியிருக்கிறான். ஆனால் அந்த எட்டில் ஒருவருக்கும் வருடம், மாதம், நாள் கிடையாது. தென்னாப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்தவர்களுக்கு அங்கே புதுப் பெயர் சூட்டினார்கள். பெயருக்குப் பின்னால் 'ஃபான் கொரமாண்டல்' என்று எழுதினார்கள். கொரமாண்டல்காரன், அவ்வளவுதான். எந்தத் தெரு, யார் பிள்ளை என்பதெல்லாம் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.

இதே ஊரில், இதே காலத்தில், இன்னொரு காரியமும் நடந்தது என்பதுதான் பழவேற்காட்டின் சங்கடம். 1630களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கோட்டையில் மதகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரொஜேரியஸ். கடமை முடிந்த நேரத்தில் பத்மநாபன் என்ற பிராமணரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். உங்கள் சாமி என்ன, சடங்கு என்ன, சாத்திரம் என்ன என்று. பேசிய மொழி போர்த்துகீசியம், இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி அதுதான். கேட்டதையெல்லாம் எழுதிவைத்தார். ஊர் திரும்பிய ரொஜேரியஸ் 1649இல் இறந்துபோக, 1651இல் மனைவி அதைப் புத்தகமாக்கினார். இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பாவில் வந்த முதல் விரிவான நூல்களில் ஒன்று அது. பின்னிணைப்பாக பர்த்ருஹரியின் சுபாஷிதங்கள் 200 இருந்தன. சமஸ்கிருத இலக்கியம் ஓர் ஐரோப்பிய மொழியில் ஏறியது அதுவே முதல் முறை. நீதியும் வைராக்கியமும் மட்டும். சிருங்காரத்தைப் பத்மநாபன் சொல்ல விரும்பவில்லை. பாதிரியாருக்கு முன்னால் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ.

உடம்பு நிலையில்லை, காலம் தின்றுவிடும் என்ற வைராக்கிய சுலோகங்களை ஏரிக்கரையில் ஒருவர் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டார். சில ஆண்டு கழித்து அதே ஊரில் அதே சேதி எலும்புக்கூடாகவும் மணற்கடிகாரமாகவும் கல்லில் ஏறியது. இரண்டு நாட்டு வைராக்கியமும் சந்தித்த ஊர் இது. மயான வைராக்கியம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது நமக்குத் தெரியும். வாசலைத் தாண்டி நாலு அடி வைத்தால் துறைமுகம் வந்துவிடும்.

மீதிக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, பிறகு திரும்பவே இல்லை. ஒல்லாந்தர் மறுபடி பழவேற்காட்டுக்கே வந்து ஒடுங்கினார்கள். ஐரோப்பாவில் யார் யாரோடு சண்டை என்பதைப் பொறுத்து ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கெல்ட்ரியாவை இடித்தார்கள். 1824இல் லண்டனில் ஒப்பந்தமாகி, 1825இல் பழவேற்காடு ஒரேயடியாகக் கைமாறியது. கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் முட்புதரும்தான். கோட்டை போய்விட்டது, கல்லறை நிற்கிறது. எதிரியின் கோட்டையை இடிப்பவர்களுக்கும் எதிரியின் பிணத்தின் மேல் கை வைக்கக் கூச்சம் இருக்கும்போலும்.

இந்தக் கற்களை முதலில் ஒழுங்காக அளந்து வரைந்து புத்தகமாக்கியவர் அலெக்சாண்டர் ரீ. சென்னை மாகாணத்தில் ஒல்லாந்தர் கம்பெனியின் நினைவுச் சின்னங்கள் பற்றிய அவருடைய நூல் 1897இல் வந்தது. பெயர் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதா? ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அதே ரீதான். பழவேற்காட்டில் எழுத்தும் தேதியும் நிறைந்த கற்களை வரைந்து முடித்த மனிதர், சில ஆண்டுகளிலேயே தாமிரபரணிக் கரையில் பெயரே இல்லாத தாழிகளை நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார். ரீக்குப் பின் 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் மாகாணம் முழுவதுமுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். உப்புக் காற்றில் இன்று படிக்க முடியாமல் தேய்ந்திருக்கும் வரிகளுக்கு இந்த இருவரின் ஏடுகள்தான் சாட்சி.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். காலையில் சீக்கிரம் போங்கள், வெயிலே படித்துக் காட்டும்.

இனி, கல் கிடைக்காதவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன்: நெசவாளர்கள். முன்பணம் வாங்கி, கடனில் மூழ்கி, கம்பெனிக்காகத் தறியடித்தவர்கள். ஒல்லாந்தர் இந்த ஊரின் பெயரைப் 'பாலியகட்டா' என்று எழுதினார்கள். துணியோடு அந்தப் பெயரும் கப்பலேறியது. நம் ஊர்க் கடைகளில் 'பளையக்காட்டு கைலி' என்று விற்பது அதுதான். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு துணிக்கடைக்குப் போய் 'காயின் பெலிகாட்' என்று கேளுங்கள். பழவேற்காடு எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். கட்டம் போட்ட கைலியை மட்டும் சரியாக எடுத்துப் போடுவார்.

(தொடரும்)